கலியாணத்தில் ஒரு கறுப்பு முக்காடு

1

போன சனிக்கிழமையோடு எங்கள் மகள் ஆரணியின் கலியாணம் முடிந்து ஒரு வருடம். அன்று காலை என் கணவர் தவராசா வெள்ளைச் சேர்ட்டை இரண்டு தரம் அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு ஓல்போர்க்குக்குப் புறப்பட்டார். மகளும் மருமகனும் அங்கேதான் இருக்கிறார்கள். டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் பிராண்டேயிலிருந்து காரில் ஒன்றே முக்கால் மணித்தியாலம்.

வாசலில் நின்று, "இஞ்சரும், நீர் வரேல்லையோ?" என்று கேட்டார்.

"ஆர் என்னைக் கூப்பிட்டது?" என்றேன்.

அவர் கார்ச் சாவியை எடுத்தார். ஒரு வருடமாக நான் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. வரவேண்டாம் என்று மகளே தன் வாயால் சொன்னவள்.

ஊரில் இதை ஆளுக்கொரு விதமாகக் கதைக்கிறீர்களாம். மருமகன் கிறிஸ்தவ வேதக்காரன், வெள்ளைத்தோல்காரன் என்று நாங்கள் மகளைத் தள்ளிவைத்துவிட்டோம் என்பது கொக்குவிலில் உலவும் கதை. அப்படியில்லை. தள்ளிவைக்கப்பட்டது நான். நான் செய்த காரியத்துக்காக. அதை மற்றவர்கள் சொல்லிக் கேட்பதைவிட நானே எழுதிவிடுகிறேன்.

2

என் கலியாணம் ஸ்கீவ என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. அந்த நாளில் அகதியாக வந்தவர்களை இந்த நாடு மூலைக்கு மூலை சின்னச் சின்ன ஊர்களில் பிரித்து வைத்திருந்தது. அவர் ஸ்கீவயில் மீன் தொழிற்சாலையில் நின்றார். நான் படத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்லி, தனியே பிளேன் ஏறி வந்தவள். என் பக்கத்தில் ஒரு சனம் இல்லை. அவருடைய கூட்டாளி ஒருவரின் மனைவிதான் எனக்குத் தாய் முறையில் நின்றார். அவரை நான் அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டேன். என் அம்மா அந்த நேரம் இடம்பெயர்ந்து யாரோ வீட்டு விறாந்தையில் இருந்தார். எனக்குத் தாலி ஏறியது அவருக்குக் கடிதத்தில் தெரியவர இரண்டு மாதம் சென்றது.

ஆகவே ஆரணி பிறந்த அன்றே ஒன்று நினைத்துவைத்தேன். இவளுக்குத் தாலி ஏறும்போது தாயாகிய நான் பக்கத்தில் நிற்பேன். எல்லாம் முறைப்படி நடக்கும். ஒரு குறையும் வர விடமாட்டேன்.

இந்த நாட்டில் பிள்ளை வளர்ப்பது எப்படியென்று உங்களுக்குத் தெரியாது. நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்லுவாள். "சாப்பிட்டியா?" என்றால் "யா யா" என்பாள். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து முழுசாக ஒரு தமிழ் வசனம் வந்ததாக எனக்கு நினைவில்லை. ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் தாதி வேலை கிடைத்துப் போனவள், மூன்றாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தியேகோவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். காற்றாலை இஞ்சினியர். மெக்சிகோவில் புவேப்லா என்ற ஊர். தகப்பன் ஸ்பெயின்காரர், இறந்துவிட்டார். தாய் மட்டும் இருக்கிறா.

பெடியனில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. செருப்பை வெளியே கழட்டினான். புட்டை மூன்றாம் தரமும் போடச் சொன்னான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. குறை சொல்ல ஏதாவது இருந்திருந்தால் மனம் ஆறியிருக்கும்.

அன்றைக்கே ஆரணி எனக்காகத் தமிழ்ச் சொற்கள் நாலைந்தைத் தேடிப் பொறுக்கினாள். "அம்மா, சேர்ச்சில கலியாணம். அவனுக்கு அம்மா மட்டும்தான்."

"உனக்கு அம்மா இல்லையோ?" என்று கேட்டேன்.

"தாலியும் கட்டுவம். சேர்ச்சிலயே. ஃபாதர் ஓம் எண்டிட்டார்."

அந்தப் பாதிரியார் தமிழ்க் கத்தோலிக்கக் கலியாணங்களில் தாலியை ஆசீர்வதித்துக் கொடுத்துப் பழகியவராம். மகள் மதம் மாறத் தேவையில்லை, அதற்கும் அனுமதி எடுத்துத் தருகிறேன் என்றாராம். சரி என்று வாயை மூடிக்கொண்டேன்.

3

தாய்க்காரி மெர்சேதெஸ் கலியாணத்துக்குப் பத்து நாள் முதல் மூன்று பெரிய சூட்கேசோடு வந்திறங்கினா. பிள்ளைகளின் வீடு ஓர் அறை வீடு. அதனால் அவ எங்கள் வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. என்னைவிட ஐந்தாறு வயது மூப்பு. நிமிர்ந்த நடை. என் பெயரைச் சொல்ல வராமல் "சிபமலர்" என்றா. அவர்களுக்கு 'வ' வராதாம். பத்து நாளும் நான் சிபமலர்.

இரண்டாம் நாள் கொமூனவுக்குப் போனோம். இங்கே நகரசபையை அப்படித்தான் சொல்லுவது. சேர்ச்சில் கட்டினாலும் அவர்கள் ஒரு சான்றிதழ் தந்தால்தான் கட்டலாம். அங்கே இருந்த பெண் தியேகோவின் கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர்களுக்குத் தகப்பன் பெயர் ஒன்று, தாய் பெயர் ஒன்று என்று இரண்டு குடும்பப் பெயர். எங்களுக்கோ குடும்பப் பெயர் என்றே ஒன்றில்லை, தகப்பன் பெயரைத்தான் எழுதுவோம். அவளுடைய கணினியில் இருந்தது ஒரேயொரு பெட்டி. தாய் பெயரை வெட்டிவிடலாமா என்று கேட்டாள். தியேகோ அதை மொழிபெயர்த்ததும் மெர்சேதெஸ் மேசையில் கையால் ஓங்கி அடித்தா. அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்கு அவவைப் பிடித்திருந்தது.

வெளியே வரும்போது தியேகோ சிரித்துக்கொண்டே, டேனிஷில் 'கலியாணம் முடித்தவர்' என்பதற்கும் 'நஞ்சு' என்பதற்கும் ஒரே சொல்தான் என்று தாய்க்குச் சொன்னான். அவ என்னைப் பார்த்துக்கொண்டு சிலுவைக் குறி போட்டுக்கொண்டா.

4

என் குசினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டில் மீன் இறைச்சி என்று ஒரு மச்சமும் காய்ச்சுவதில்லை. இது ஆரணிக்குத் தெரியும், தியேகோவுக்கும் தெரியும். மெர்சேதெஸுக்கும் சொல்லப்பட்டது. வெள்ளிக்கிழமை நான் வயோதிபர் இல்லத்தில் வேலை முடித்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால், நான் பொங்கல் பொங்குகிற பெரிய சருவத்துக்குள் ஒரு முழு வான்கோழி அவிந்துகொண்டிருக்கிறது.

"மோலே," என்றா அவ, பெருமையோடு.

என் கணவர் கதவடியில் நின்று, "என்ன, மூளையோ? மூளைக்குழம்போ?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

அது மூளை இல்லை. காய்ந்த மிளகாய் நாலைந்து வகை, எள்ளு, கச்சான் கடலை, கறுவா, கிராம்பு, பிறகு சொக்லேட் என்று எல்லாவற்றையும் வறுத்து அரைத்துக் காய்ச்சுகிற கறுத்தக் குழம்பு. அவர்கள் ஊரில் அது இல்லாமல் கலியாணம் இல்லையாம், முதலே ஒருக்கால் காய்ச்சிப் பார்க்கிறாவாம். வாசம் எங்கள் சரக்குத்தூள் வறுக்கிற வாசம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சருவம் என்னுடையது, நாள் வெள்ளிக்கிழமை. நான் அடுப்பை நிற்பாட்டினேன். அவ திரும்பப் போட்டா. நான் நிற்பாட்டினேன். அவ போட்டுவிட்டு அடுப்புக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டா.

அந்தச் சருவத்தை நான் பிறகு பாவிக்கவில்லை.

சனிக்கிழமை அவ சூட்கேஸ்களைத் திறந்து எல்லாவற்றையும் என் சாப்பாட்டு மேசையில் பரப்பினா. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற பதின்மூன்று நாணயம் ஒரு சின்னப் பெட்டியில். மணமகளின் உள்பாவாடையில் தைக்க மஞ்சள், நீலம், சிவப்பு ரிப்பன். செபமாலை மணி கோத்த நீளமான ஒரு இரட்டை வளையம். அதன் பெயர் லாசோ. பாதிரியார் முன்னால் இரண்டு பேரின் தோளிலும் அதைப் போட்டு ஒன்றாகக் கட்டுவார்களாம். எங்கள் தாலிக்கொடியைப் பார்த்து அவ தியேகோவிடம் என்னவோ கேட்டா. அவன் சொல்லத் தயங்கினான். நான் விடவில்லை. "மாட்டுக்குக் கட்டுறதைப் போல அவளுக்கு மட்டும் ஏன் என்று கேக்கிறா," என்று டேனிஷில் முணுமுணுத்தான்.

"உங்கட கயிறு ரெண்டு மாட்டையும் சேத்துக் கட்டுது, அவ்வளவுதான் வித்தியாசம் எண்டு சொல்லு," என்றேன். அவன் அதைச் சொன்னானோ தெரியாது.

கடைசியாக ஒரு தட்டையான பெட்டியைத் திறந்தா. உள்ளே கறுத்த லேஸ் துணி, முழங்கால் வரை நீளம். அதைத் தலையில் நிறுத்த ஆமையோட்டு நிறத்தில் உயரமான ஒரு சீப்பு. மந்தியா என்று பெயர் சொன்னா. எனக்கு மந்தி என்றுதான் கேட்டது. ஸ்பெயின் வழக்கப்படி மாப்பிள்ளையைத் தாய்தான் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவாவாம். அப்போது இதைப் போடுவாவாம். அவவின் மாமியார் போட்டது, அவருக்கு முன் அவரின் தாய் போட்டது.

"கறுப்பு," என்றேன் ஆரணியிடம். "கலியாணத்துக்குக் கறுப்பு."

அவள் டேனிஷில் பொறுமையாகச் சொன்னாள். அது துக்கத்துக்கு இல்லை, மரியாதைக்கு. முந்தி அங்கே மணமகளே கறுப்புப் பட்டு உடுத்திய காலம் இருந்தது என்றாள். எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கவில்லை என்று பிறகு சொல்லிப் பார்த்தேன், அது பொய்.

திங்கட்கிழமை ஆரணியிடமிருந்து தொலைபேசி வந்தது. மெர்சேதெஸ் பாதிரியாரைப் போய்ச் சந்தித்து அழுதாவாம். பீடத்தின் முன்னால் வேறு சமயத்துத் தாலி ஏறினால் தான் எழும்பிப் போய்விடுவேன் என்றாவாம். பாதிரியார் ஆரணியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் சண்டை வேண்டாமென்று, தாலியை மண்டபத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு வைப்போம் என்று ஒத்துக்கொண்டுவிட்டாள். சாப்பாட்டுக்கும் டான்சுக்கும் நடுவில் என் மகளின் தாலி.

அன்றைக்கு இரவும் நான் எல்லோருக்கும் புட்டு அவித்தேன். என் கணவர் நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்தார்.

5

கலியாணத்தன்று விடிய வீடு ஒரே அமளி. மெர்சேதெஸ் குளிக்கப் போன நேரம் நான் அவவின் அறைக்குள் போனேன். கட்டிலில் அந்தப் பெட்டி இருந்தது. எடுத்துக்கொண்டு போய் என் காரின் பின்பெட்டிக்குள், ஆரணியின் கூறைச்சேலை வைத்த பைக்கு அடியில் தள்ளினேன். முழுவதும் ஒரு நிமிடம்கூட இல்லை.

பிறகு அவ தேடினா. கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குள், குப்பை வாளிக்குள்கூடத் தேடினா. என்னிடம் வந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினா. நான் உதட்டைப் பிதுக்கினேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. என் கணவர் பாவம், என்னுடைய பட்டுச் சால்வை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அவ அதைத் தொடவில்லை.

தேவாலயத்தில் தியேகோவின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுந்தலையோடு நடந்தா. அவ்வளவு நிமிர்ந்த மனுசி, அன்றைக்குக் குனிந்துகொண்டு, ஒரு கையால் தலைமயிரை மறைத்து மறைத்து நடந்தா. எனக்குச் சந்தோசமாக இருந்தது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

லாசோவைப் போடுகிற பொறுப்பை ஆரணி எனக்கும் தகப்பனுக்கும் தந்திருந்தாள். நாங்கள் எழுந்து போனோம். வெள்ளைக் கவுணில், முழங்காலில் நின்ற மகளின் தோளில் ஒரு வளையத்தை வைத்தேன். அவர் மற்றதைத் தியேகோவின் தோளில் வைத்தார். ஆரணி நிமிர்ந்து பார்த்து, "தக், மோர்," என்றாள். நன்றி அம்மா. அவள் கண் நிறைந்திருந்தது.

அப்போது என் கண் மெர்சேதெஸின் வெறுந்தலைக்குப் போனது. அந்த இடத்திலேயே திரும்பிப் போய்ப் பெட்டியை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வந்து என் இடத்தில் இருந்தேன்.

6

மண்டபத்தில் டேனிஷ்காரர் முள்ளுக்கரண்டியால் தட்டில் அடித்தார்கள். அப்படி அடித்தால் மணமக்கள் எழும்பி முத்தமிட வேண்டும் என்பது இங்கத்தைய வழக்கம். தாலிச் சடங்குக்கு வந்திருந்த ஐயரின் முன்னால் ஆறு தரம் அடித்தார்கள். பிறகு சாப்பாடு. மோலேயைச் சனம் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. சீனித் தூளில் புரட்டிய பாதாம் உருண்டை ஒன்றும் வைத்தார்கள், வாயில் போட்டதும் பயற்றம் உருண்டை மாதிரி உதிர்ந்தது. நான் ஒன்று தின்றேன், ஒன்றுக்கு மேல் தின்னவில்லை.

சாப்பாடு முடிய ஆரணி என்னிடம் கார்ச் சாவியைக் கேட்டாள், கூறை மாற்ற. நான் யோசிக்காமல் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் நினைவு வந்தது. எழும்பி ஓடினேன். கார் தரிப்பிடத்துக்கு நான் போனபோது பின்பெட்டி சாத்தியிருந்தது. ஒருவரும் இல்லை.

திரும்பி வந்து மணவறையடியில் நின்றேன். கால் மணித்தியாலம் சென்று ஆரணி கூறையில் வந்தாள். சிவப்புக் கூறை, தலையில் பூ. நான் இருபத்தொன்பது வருடம் காத்திருந்த கோலம். அவளுக்குப் பின்னால் மெர்சேதெஸ் வந்தா. உயர்ந்த சீப்பு, அதற்கு மேலே கறுத்த லேஸ், தோள் வழியே முழங்கால் வரைக்கும். தலை நிமிர்ந்திருந்தது.

தமிழ்ச் சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஐயர் ஒருக்கால் என்னைப் பார்த்தார், பிறகு நேரத்தைப் பார்த்தார். "மாப்பிள்ளை வீட்டுப் பொம்பிளை ஆராவது வந்து விளக்கைப் பிடியுங்கோ," என்றார். மாப்பிள்ளை வீட்டில் அவ ஒருத்திதான். வந்து பிடித்தா. தியேகோ தாலி கட்டும்போது மகளின் தலைக்குப் பின்னால் விளக்கு, விளக்குக்குப் பின்னால் அந்தக் கறுப்பு. எந்த நேரத்தில் அது நிற்கக்கூடாது என்று நான் கள்ள வேலை பார்த்தேனோ, அந்த நேரத்தில் நடுவில் நின்றது. நானே தேடிக்கொண்டது.

சனம் வரிசையில் வந்து வாழ்த்தி அறுகரிசி போட்டது. என் முறை வந்தபோது ஆரணி சிரித்த முகத்தோடுதான் இருந்தாள். குனிந்த என் காதில், தெளிவாக, ஒரு சொல்லும் தடக்காமல் தமிழில் சொன்னாள்:

"அம்மா, நீங்கள் இனி எங்கட வீட்டுக்கு வரவேண்டாம்."

பின்னால் மேளம் பெரிதாகப் போய்க்கொண்டிருந்தது. வேறு ஒருவருக்கும் கேட்கவில்லை. பிறகு மெக்சிகோ வழக்கப்படி மணமக்களைக் கதிரைகளில் ஏற்றி, வந்த சனம் கையைக் கோத்துக்கொண்டு பாம்பு போல நடுவால் ஓடி ஆடினார்கள். என் கணவரும் ஐயரின் மகனும்கூட ஓடினார்கள். நான் வெளியே போய்க் காருக்குள் இருந்தேன்.

7

ஒரு வருடத்தில் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மூன்றிலும் "ஆனால்" என்று ஒரு சொல் இருந்தது. மறுமொழி வரவில்லை.

சனிக்கிழமை அவர் போய் இரண்டு மணித்தியாலம் சென்று வாசல் மணி அடித்தது. திறந்தால் மெர்சேதெஸ். மழைக்கோட்டும் கைப்பையுமாகத் தனியே நின்றா. இந்த முறை ஒரு மாதமாக மகனின் அந்த ஓர் அறை வீட்டிலேயே நெருக்கிக்கொண்டு நிற்பது தெரியும். விடிய ரயிலேறி, வழியில் மாறி ஏறி வந்திருக்கிறா. ஒரு சொல் டேனிஷ் தெரியாத மனுசி.

உள்ளே வந்து கதிரையில் இருந்து, தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு பேசினா. அது மொழிபெயர்த்து, செய்தி வாசிக்கிற குரலில் தமிழில் சொன்னது:

"நான் உங்களை மன்னிக்கவில்லை. என் மகனை அழைத்துச் செல்லும் நடை வாழ்க்கையில் ஒருமுறைதான். அதை நீங்கள் எடுத்துவிட்டீர்கள்."

நானும் அதற்குள் குனிந்து சொன்னேன்: "என்ர பிள்ளையின்ர தாலியைத் தேவாலயத்துக்கு வெளியில தள்ளினது நீங்கள்."

அது அவவின் மொழியில் சொல்லி முடித்ததும், அவ யோசிக்காமல் பதில் சொன்னா. "ஆம். இன்றும் அதையே செய்வேன்."

"இண்டைக்கெண்டால் நான் பெட்டியை ஒளிக்க மாட்டன்," என்றேன். "ஆனா கறுப்பு எனக்கு இப்பவும் பிடிக்கேல்லை."

அதைக் கேட்டுத் தலையை ஆட்டினா. பிறகு என் குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினா. அடுத்ததாகத் தொலைபேசி சொன்னது:

"நேற்று மாலையே உங்கள் மகள் மேசை போட்டாள். நாங்கள் நான்கு பேர். அவள் ஐந்து தட்டு வைத்தாள். பிறகு ஒன்றை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். பிறகு மீண்டும் எடுத்து வைத்தாள். நான் உங்களுக்காக வரவில்லை."

நான் எழும்பிப் போய் முகம் கழுவினேன். எந்தச் சேலை என்று பார்க்க நேரமில்லை, வேலைக்குப் போகிற காற்சட்டையோடேயே வந்தேன். என் சின்னக் காரில் அவ முன் சீற்றில் ஏறினா.

வழியில் அவ ஹீற்றரைக் கூட்டினா, நான் குறைத்தேன். லொறி ஒன்றை நான் முந்தினபோது சிலுவைக் குறி போட்டா. ஓல்போர்க் கிட்டவாக வரத் திரும்பிப் பார்த்து என் காற்சட்டையில் ஒட்டியிருந்த நூலொன்றை எடுத்து வெளியே எறிந்தா.

மூன்றாம் மாடி. மணியை அவதான் அடித்தா. கதவைத் திறந்த ஆரணி கையில் நிலம் துடைக்கிற துணியோடு நின்றாள். மெலிந்திருந்தாள். முதலில் மாமியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பின்னால் என் கணவர் எழும்பி நிற்பது தெரிந்தது. நான் வரும் வழியெல்லாம் யோசித்து வைத்த வசனம், "ஆனால்" இல்லாதது, அந்த நேரம் வாயில் வரவில்லை. "பிள்ளை" என்று மட்டும் வந்தது.

அவள் என் காலடியைப் பார்த்தாள். "சப்பாத்தைக் கழட்டுங்கோ, இப்பதான் துடைச்சனான்," என்று எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாய் டேனிஷில் சொல்லிவிட்டு, கதவைத் திறந்தபடி விட்டு உள்ளே போனாள்.